அடுத்த வீட்டுக் கச்சேரி

ஒரு வீட்டுக் கூடத்தில் கச்சேரி ஒன்று நடக்கிறது. பாடுகிறவர் நல்ல ஞானஸ்தர். கேட்க வந்தவர்களும் விஷயம் தெரிந்தவர்கள். அதே சமயத்தில் அடுத்த வீட்டிலும் ஒரு கச்சேரி ஆரம்பமாகிறது. அங்கே பெரிய பந்தல், பத்துப் பதினைந்து வாத்தியங்கள், வாசலில் வர்ண விளக்குகள். அங்கே பாடும் பாஷையும் இவர்களுக்குப் புரியும் பாஷைதான். கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மெள்ள எழுந்து அடுத்த வீட்டுக்குப் போகாமல் இருப்பார்களா?

மராத்தி சினிமாவின் சரித்திரம் ஏறக்குறைய இதுதான். இந்தியாவில் சினிமாவைப் பெற்று வளர்த்தவர்கள் மகாராஷ்டிரர்கள். அவர்களுடைய தலைநகரான பம்பாயே, இன்று மும்பை என்று வழங்கும் அந்த நகரமே, ஹிந்திப் படங்களின் ராஜதானியாயிற்று. மராத்திக்காரர் எவருக்கும் ஹிந்தி விளங்கும். இரண்டுக்கும் எழுத்துக்கூட ஒன்றே. தமிழ்ப் படங்களைத் தமிழர்கள் பார்த்ததற்குத் தாய்மொழிப் பற்று ஒரு காரணமென்றால், வேறு பாஷைப் படம் சரியாகப் புரியாமற் போனது இன்னொரு காரணம். அந்தப் பாதுகாப்பு மராத்திப் படத்துக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அப்படியிருந்தும் அது அழிந்துபோகவில்லை. ஏன் அழியவில்லை என்பதே இவ்வாரம் நாம் ஆராயப் புகும் விஷயம்.

முதலில் பால்கே அவர்களுக்கு நமது வணக்கம். நாஸிக்குக்கு அருகிலுள்ள திரியம்பகேசுவரத்தில் 1870-இல் பிறந்த தாதாஸாஹேப் பால்கே, அச்சுத் தொழிலில் இருந்தவர். ஏசுநாதர் சரித்திரத்தைப் படமாகப் பார்த்துவிட்டு, நம் தேசத்து ராமனையும் கிருஷ்ணனையும் இப்படித் திரையில் காண்பது எப்போது என்று ஏங்கினார். 1912-இல் லண்டனுக்குச் சென்று காமிரா வாங்கி வந்தார். பணம் போடக்கூடியவர்களை நம்ப வைப்பதற்காக, ஒரு பட்டாணி விதை முளைத்துச் செடியாவதை நாள்தோறும் படம்பிடித்துத் தொகுத்துக் காட்டினார். அவருடைய மனைவி சரஸ்வதிபாய் நகைகளைக் கொடுத்ததோடு நில்லாமல், பிலிம் சுருளில் துளையிடும் வேலையையும் கற்றுக்கொண்டார். படக் கூட்டத்தார் அனைவருக்கும் சமைத்தும் போட்டார். 1913-ஆம் வருஷம் மே மாதம் 3-ஆம் தேதி, பம்பாய் கிர்காமில் இருந்த காரனேஷன் கொட்டகையில் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளியாயிற்று.

அதில் சந்திரமதி வேஷம் போட ஒரு ஸ்திரீயும் கிடைக்கவில்லை. கடைசியில் ஓட்டலில் வேலை பார்த்துவந்த ஸாளுங்கே என்னும் இளைஞரே சேலை கட்டிக்கொண்டு அரிச்சந்திரனின் மனைவியானார். நான்கு வருஷங்களுக்குப் பின் வந்த 'லங்கா தகனம்' படத்தில் அதே மனிதர் ராமனாகவும் சீதையாகவும் இரண்டு வேஷங்களில் தோன்றினார்!

மௌனப் படத்துக்குத் தாய்மொழி ஏது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நியாயந்தான். ஆனாலும் பாஷை வாயில் மட்டும் இருப்பதில்லை. எந்தக் கண்ணால் உலகத்தைப் பார்க்கிறோம் என்பதிலும் இருக்கிறது. அந்தக் கண்ணை மராத்தி சினிமாவுக்குத் திறந்துவிட்டவர் கோலாப்பூரைச் சேர்ந்த பாபுராவ் பெயிண்டர். நாடகத் திரைகளில் சித்திரம் எழுதியதால் இந்தப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. காமிராவையும் அவரே தம் கையால் அமைத்தார். 1920-இல் வந்த அவருடைய 'சைரந்திரி'யைக் கண்டு லோகமான்ய திலகர் 'சினிமா கேசரி' என்று பட்டம் அளித்தார். ஆனால் நம் மனத்தில் அதிகமாக நிற்பது 1925-இல் அவர் எடுத்த 'ஸாவ்காரி பாஷ்'. லேவாதேவிக்காரர் விரிக்கும் வலை என்பது அந்தத் தலைப்பின் பொருள். கடன் பத்திரத்தால் நிலத்தை இழந்த குடியானவன் ஒருவன் பட்டணத்து மில்லுக்குக் கூலியாகப் போகும் கதை. தேவர்களும் அசுரர்களும் திரையை நிறைத்திருந்த அந்த நாளில், பசித்த உழவனின் குடிசையைத் திரையில் காட்டத் துணிந்தவர் அவர். அந்தக் குடியானவனாக நடித்த இளைஞரின் பெயர் சாந்தாராம்.

இனிப் பிரபாத் கம்பெனியின் கதை. பெயிண்டரிடம் தொழில் பயின்ற சாந்தாராம், தாம்லே, பத்தேலால், தாய்பர் ஆகியோர் குல்கர்னி என்னும் பணக்காரரைச் சேர்த்துக்கொண்டு 1929-இல் கோலாப்பூரில் ஆரம்பித்த கம்பெனி அது. பிரபாத் என்றால் விடியற்காலை. கொம்பு வாத்தியத்தை உயர்த்தி ஊதும் பெண்ணொருத்தி அந்தக் கம்பெனியின் முத்திரை. 1932-இல் இவர்கள் எடுத்த 'அயோத்யேச்சா ராஜா' மராத்தியின் முதல் பேசும் படமாயிற்று. கதை பழைய ஹரிச்சந்திரன் கதையே. ஆனால் இந்தத் தடவை ராணி வேஷத்தில் நடித்தவர் துர்கா கோட்டே. படித்தவர், கௌரவமான குடும்பத்தைச் சேர்ந்தவர். ஓட்டல் சிப்பந்தி சேலை கட்டி நடித்த அதே வேஷம், பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு பெண்மணியின் கைக்கு வந்து சேர்ந்தது. சமூகச் சீர்திருத்தத்தைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்யாமலே சினிமா செய்த சீர்திருத்தம் இது.

தமிழர்களாகிய நமக்கும் பிரபாத்துக்கும் ஓர் உறவு உண்டு. நமது ஆரம்ப காலப் பேசும் படங்களுள் ஒன்றான 'சீதா கல்யாணம்' பிரபாத் தயாரித்ததே. பாபுராவ் பெண்டார்கர் டைரக்ட் செய்தார். எஸ். ராஜம் ராமனாக நடிக்க, அவருடைய சகோதரி ஜயலக்ஷ்மியே சீதையாக நடித்தார். பின்னாளில் வீணை வித்துவானாகப் புகழ்பெற்ற அவர்களுடைய தம்பி எஸ். பாலசந்தர் சிறுவனாகத் தோன்றியதும், பாபநாசம் சிவன் சினிமாவுக்கு முதன்முதலில் சங்கீதம் அமைத்ததும் அந்தப் படத்திலேதான்.

நிற்க. 1933-இல் பிரபாத் புனாவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே எடுத்த படங்களில் மூன்றை மட்டும் இங்கே சொல்கிறோம்.

முதலாவது, தாம்லேயும் பத்தேலாலும் 1936-இல் எடுத்த 'ஸந்த் துக்காராம்'. நாடக மேடையில் ஸ்திரீ பார்ட் நடித்துவந்த விஷ்ணுபந்த் பாக்நீஸ் துக்காராமானார். பக்திப் படம் என்றதும் ஆகாயத்திலிருந்து பூமாரி பொழிவதையே நேயர்கள் எதிர்பார்ப்பார்கள். அதுவும் இதில் உண்டு. ஆனால் படத்தின் உயிர் துக்காராமின் மனைவி ஜீஜாயிடம் இருக்கிறது. புருஷன் பகவானைப் பாடிக்கொண்டிருக்கிறான். எருமையையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டியவள் அவள். குழந்தைக்கு நோய் கண்டபோது, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கோயிலுக்குள்ளே போய் விட்டலனையே வைகிறாள். பக்தனுடைய பெருமையைக் குறைக்காமலே அவன் மனைவியின் நியாயத்தையும் எடுத்துச் சொன்ன பக்திப் படங்கள் எத்தனை உண்டு? பம்பாயில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய இந்தப் படம், 1937-இல் வெனிஸ் நகரத்துச் சர்வதேச விழாவிலும் பாராட்டுப் பெற்றது. இதற்கென்று சாந்தாராம் ஆடவலே புதிதாக எழுதிய ஒரு பாட்டைத் துக்காராமின் அபங்கம் என்றே பலர் நம்பினார்கள். ஒரு கவிஞனுக்கு இதைவிடப் பெரிய சன்மானம் வேண்டியதில்லை.

இரண்டாவது, 1937-இல் சாந்தாராம் எடுத்த 'குங்கூ', அதாவது குங்குமம். நாராயண் ஹரி ஆப்டேயின் நாவலைத் தழுவிய கதை. இளம் பெண்ணொருத்தியை ஏமாற்றி ஒரு கிழ வக்கீலுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள். தாலி கட்டியதனாலேயே ஒருவன் புருஷனாகிவிட முடியாது என்று அவள் சாதிக்கிறாள். அழவில்லை, கிணற்றில் விழவில்லை, எதிர்த்து நிற்கிறாள். அந்தப் பெண்ணாக நடித்தவர் சாந்தா ஆப்டே. படத்தில் பின்னணிச் சங்கீதமே கிடையாது. வீட்டிலும் தெருவிலும் இயல்பாக எழும் ஓசைகளே போதுமென்று டைரக்டர் தீர்மானித்துவிட்டார். கிழவரின் வயதை எண்ணுவதுபோல ஆடிக்கொண்டிருக்கும் சுவர்க் கடிகாரத்தின் சத்தத்துக்கு எந்த வாத்திய கோஷ்டி ஈடாகும்?

மூன்றாவது, 1941-இல் வந்த 'சேஜாரி'. அண்டை வீட்டுக்காரர் என்று பொருள். ஒரு கிராமத்தில் தலைமுறை தலைமுறையாக அன்புடன் வாழும் ஹிந்துக் குடும்பத்தையும் முஸ்லிம் குடும்பத்தையும், அணை கட்ட வந்த முதலாளி தன் லாபத்துக்காகப் பிரித்துவிடுகிறான். உடைந்த அணையின் வெள்ளத்தில் சாகும்போதுதான் சிநேகிதர்கள் இருவரும் மறுபடி கைகோக்கிறார்கள். தேசம் துண்டாவதற்கு ஆறு வருஷம் முன்பே எடுத்த படம் இது. படம் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேர் அதன் பாடத்தை நினைவில் வைத்திருந்தார்கள் என்று 1947-ஆம் வருஷம் சொல்லிவிட்டது.

அந்நிய சர்க்காரின் கண்ணும் இந்தப் படங்கள்மீது எப்போதும் இருந்தது. பால கந்தர்வர் ஏகநாதராக நடித்த படத்துக்குப் பிரபாத் 'மஹாத்மா' என்று பெயர் வைத்தது. சென்ஸார் அதிகாரிகள் நடுங்கிப் போனார்கள். மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்திய சாதுவின் கதைக்குக்கூட அந்தப் பட்டம் ஆகாதாம்! 1935-இல் 'தர்மாத்மா' என்ற பெயருடன்தான் படம் வெளிவர முடிந்தது.

இவ்வளவு நல்ல காலத்திலேயே பிற்காலத்து நோய்க்கும் வித்து ஊன்றப்பட்டது. பிரபாத்தின் படங்களிற் பல மராத்தியில் ஒன்றும் ஹிந்தியில் ஒன்றுமாக இரட்டைப் பிள்ளைகளாகவே பிறந்தன. 'குங்கூ' ஹிந்தியில் 'துனியா ந மானே' ஆயிற்று. 'சேஜாரி' 'படோஸி' ஆயிற்று. ஒரே அரங்கம், ஒரே உழைப்பு, இரண்டு சந்தைகள். முதலில் இது லாபமாகவே இருந்தது. ஆனால் ஹிந்திச் சந்தை மராத்திச் சந்தையைவிடப் பன்மடங்கு பெரியது என்று கண்ட பிறகு, எந்த முதலாளிதான் சின்னப் பிள்ளைக்குப் பால் வார்ப்பான்? 1942-இல் சாந்தாராம் பிரபாத்தை விட்டு விலகிப் பம்பாயில் ராஜ்கமல் ஸ்டூடியோவை ஆரம்பித்தார். அங்கே எடுத்தவற்றில் பெரும்பாலானவை ஹிந்திப் படங்களே. அவரை இழந்த பிரபாத் அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் மூடுவிழா கண்டது. சினிமாவுக்கு வித்திட்ட பால்கேயோ, 1944-இல் நாஸிக்கில், உலகம் மறந்த நிலையில் காலமாகியிருந்தார்.

இங்கேதான் நாம் ஆரம்பத்தில் கேட்ட கேள்வி எழுகிறது. ஆள் போயிற்று, பணம் போயிற்று, ஸ்டூடியோ போயிற்று. பின் எது மிஞ்சியது?

மிஞ்சியது மண். 1953-இல் ஆசார்ய ஆத்ரே எடுத்த 'சியாம்ச்சி ஆயீ'யைப் பாருங்கள். கொங்கணக் கடற்கரையில் ஓர் ஏழைத் தாய் தன் மகனை வளர்க்கும் கதை, அவ்வளவுதான். ஸானே குருஜி நாஸிக் சிறையில் இருந்தபோது எழுதிய புத்தகம் அதற்கு மூலம். சர்க்கார் திரைப்பட விருதுகளை ஏற்படுத்திய முதல் வருஷத்திலேயே, தேசத்தின் சிறந்த படமென்று ராஷ்டிரபதியின் தங்கப் பதக்கம் இதற்குத்தான் கிடைத்தது. ஸானே குருஜியிடம் நமக்குத் தனிப்பட்ட கடமை ஒன்று உண்டு. திருச்சிராப்பள்ளிச் சிறையில் அடைபட்டிருந்தபோது தமிழ் கற்றுத் திருக்குறளை மராத்தியில் பெயர்த்தவர் அவர். பண்டரிபுரத்து விட்டலன் சந்நிதியை ஹரிஜனங்களுக்குத் திறந்துவிட வேண்டுமென்று 1947-இல் உண்ணாவிரதம் இருந்தவரும் அவரே. ஜீஜாயி செருப்போடு போய்ச் சண்டை பிடித்த அதே விட்டலனின் சந்நிதி!

மண்ணின் மற்றொரு குரல் தமாஷா. கால்சலங்கையும் டோலக்கியுமாகக் கிராமத்துத் திருவிழாவில் இரவு முழுவதும் நடக்கும் அந்தக் கூத்தைத் திரைக்குக் கொண்டுவந்த படங்களில் தலைசிறந்தது, அனந்த் மானே 1959-இல் எடுத்த 'ஸாங்க்த்யே ஐகா'. 'சொல்கிறேன், கேளுங்கள்' என்பது பொருள். புனாவில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிற்று. அதில் நடித்த ஹம்ஸா வாட்கர், பிற்பாடு தம் சுயசரிதைக்கும் அந்தத் தலைப்பையே சூட்டினார். ஒளிவு மறைவின்றிச் சொன்ன அந்த வாழ்க்கையை வைத்தே சியாம் பெனகல் 1977-இல் ஹிந்தியில் 'பூமிகா' எடுத்தார்.

கொட்டகைக்காரர்களின் மனப்பான்மை எப்படியிருந்தது என்பதற்கும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். தாதா கோண்ட்கே என்ற ஹாஸ்ய நடிகரின் 'சோங்காட்யா' 1971-இல் வெளியானபோது, பம்பாய் தாதரில் இருந்த கோஹினூர் கொட்டகை ஒரு ஹிந்திப் படத்துக்காக அதை ஒதுக்கப் பார்த்தது. சிவசேனைக்காரர்கள் தலையிட்ட பிறகே படம் ஓடிற்று. ஓடியபின் அமோக வெற்றியும் பெற்றது. தன் வீட்டுக் கூடத்திலேயே தன் பாய் சுருட்டப்பட்ட கதையல்லவா இது? மகாராஷ்டிர சர்க்கார் மராத்திப் படங்களுக்குக் கேளிக்கை வரியைத் திருப்பிக் கொடுக்கும் திட்டத்தை 1975-இல் கொண்டுவந்தது. முக்கியமான காட்சி நேரங்களில் மராத்திப் படம் காட்ட வேண்டுமென்று பல திரைகள் கொண்ட அரங்கங்களுக்கு 2015-இல் உத்தரவும் போட்டது. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் உத்தரவு போட்டுக் கதவைத் திறக்கலாம். உள்ளே வந்து உட்காரும்படி ஒருவரையும் கட்டாயப்படுத்த முடியாது.

இதற்கு அத்தாட்சி இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. ஜப்பார் படேல் 'ஸிம்ஹாஸன்', 'உம்பர்டா' போன்ற கனமான படங்களைத் தந்தார் என்பது உண்மை. எண்பதுகளில் அசோக் ஸராபும் லக்ஷ்மிகாந்த் பெர்டேயும் மகாராஷ்டிரத்தை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்ததும் உண்மை. ஆனால் வெற்றி கண்ட வழியிலேயே எல்லாரும் நடந்து நடந்து அது குண்டும் குழியுமாகிவிட்டது. அதே ஹாஸ்யம், அதே மாமியார் கொடுமை, அடுத்த வீட்டுக் கச்சேரியைப் பார்த்து எழுதிக்கொண்ட அதே ஆட்டம் பாட்டம். அசலே பக்கத்து வீட்டில் நடக்கும்போது நகலைக் காசு கொடுத்துப் பார்க்க யார் வருவார்கள்? பரீட்சையில் அடுத்த பையனைப் பார்த்து எழுதுகிறவன் அவனைவிட அதிக மார்க் வாங்கியதை நம்முடைய உபாத்தியாயர் அனுபவத்தில் நாம் கண்டதில்லை.

புத்துயிர் வந்தது 2004-இல். சந்தீப் ஸாவந்த் எடுத்த 'ச்வாஸ்' என்னும் சிறிய படம். கண்ணில் புற்றுநோய் கண்ட பேரனைத் தாத்தா பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறார். உயிர் பிழைக்க வேண்டுமானால் பார்வை போய்விடும். ரண சிகிச்சைக்கு முன் கிடைத்த அற்ப அவகாசத்தில் உலகத்தைக் குழந்தைக்குக் காட்டிவிடத் துடிக்கிறார் கிழவர். இதில் ஆட்டமும் இல்லை, பாட்டமும் இல்லை. 'சியாம்ச்சி ஆயீ'க்குப் பிறகு ஏறக்குறைய ஐம்பது வருஷம் மராத்திக்குக் கிட்டாதிருந்த, தேசத்தின் சிறந்த படத்துக்கான விருது இதற்குக் கிடைத்தது. ஆஸ்கார் பரிசுக்கு அனுப்பியபோது செலவுக்குப் பணமில்லை. ஜனங்களே நன்கொடை திரட்டிக் கொடுத்தார்கள். எழுந்து போனவர்கள் கூடத்துக்குத் திரும்பி வந்தார்கள் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அதன்பின் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். நிஷிகாந்த் காமத் 2005-இல் எடுத்த 'டோம்பிவலி ஃபாஸ்ட்', அவராலேயே தமிழில் 'எவனோ ஒருவன்' ஆயிற்று. பால்கே முதல் படம் எடுத்த கதையையே பரேஷ் மொகாஷி 2009-இல் 'ஹரிச்சந்திராச்சி ஃபாக்டரி' என்ற நகைச்சுவைச் சித்திரமாக்கினார். சைதன்ய தாம்ஹானேயின் 'கோர்ட்' 2014-இலும், 'தி டிஸைப்பிள்' 2020-இலும் வெனிஸ் நகரத்தில் பரிசு பெற்றன. துக்காராம் போய்வந்த வழியை மராத்தி சினிமா மறந்துவிடவில்லை.

ஆனால் உபாத்தியாயர்களாகிய நம்மை உலுக்கிவிட்ட படம், நாகராஜ் மஞ்சுளே 2013-இல் எடுத்த 'ஃபண்ட்ரி'. இந்தச் சொல் தமிழ்க் காதுக்குப் பழக்கமானதாகத் தோன்றுகிறதல்லவா? ஆம், பன்றிதான். மகாராஷ்டிரத்தில் வாழும் கைக்காடிச் சமூகத்தாரின் பேச்சு தமிழுக்கு நெருங்கிய உறவு. ஊரில் திரியும் பன்றிகளைப் பிடிப்பது அந்தக் குடும்பத்தின் தலையில் விழுந்த வேலை. பையனோ பள்ளிக்கூடத்தில் படிக்கிறவன். கூடப் படிக்கும் பெண் பார்த்துவிடுவாளே என்று ஒளிந்து ஒளிந்து தகப்பனோடு பன்றியைத் துரத்துகிறான். கையில் அகப்படும் சமயத்தில் பள்ளியிலிருந்து தேசிய கீதம் கேட்கிறது. குடும்பம் முழுவதும் அசையாமல் நின்றுவிடுகிறது, பன்றி ஓடிவிடுகிறது. தேசத்துக்கு அவர்கள் காட்டிய மரியாதையைத் தேசம் அவர்களுக்குக் காட்டிற்றா என்று படம் வாய்விட்டுக் கேட்கவில்லை. கடைசியில் அந்தப் பையன் வீசும் கல் நம்மை நோக்கியே வருகிறது.

அதே மஞ்சுளே 2016-இல் எடுத்த 'ஸைராட்' நூறு கோடி ரூபாய் வசூலைத் தாண்டிய முதல் மராத்திப் படமென்று பேரெடுத்தது. பெரிய பண்ணையார் வீட்டுப் பெண்ணும் மீன்பிடிக்கிறவர் மகனும் ஜாதியை மீறிக் காதலிக்கும் கதை. முதற் பாதி முழுவதும் பாட்டும் கூத்துமாக ஓடுகிறது. முடிவிலோ ஒரு சத்தமும் இல்லை. இரத்தத்தில் மிதித்த பச்சைக் குழந்தையின் அடிச்சுவடுகளை மட்டும் காண்கிறோம். சாந்தாராம் 'குங்கூ'வில் சங்கீதத்தை விலக்கிய துணிச்சல், எழுபத்தொன்பது வருஷத்துக்குப் பின் ஒரு பேரப்பிள்ளையிடம் தலைகாட்டியது. இந்தக் கதையை ஹிந்திக்காரர்கள் 2018-இல் வாங்கிக்கொண்டு போய் 'தடக்' என்று எடுத்தார்கள். அடுத்த வீட்டுக் கச்சேரிக்கு இந்த வீட்டிலிருந்து பாட்டுப் போயிற்று!

ஆகவே நேயர்களே, மராத்தி சினிமா இத்தனை காலமும் பிழைத்ததற்குக் காரணம் பாஷாபிமானக் கூச்சல் அன்று. வரிச்சலுகை மட்டும் அன்று. உழவனின் கடன் பத்திரம், துக்காராமின் மனைவியின் கோபம், கொங்கணத்துத் தாயின் பாசம், பன்றி பிடிக்கும் பையனின் கல் ஆகிய இவற்றை அடுத்த வீட்டுக்காரர் ஒருபோதும் முதலில் சொல்லமாட்டார். சொல்லக் கூடியவர்கள் சொன்னபோது ஜனங்கள் வந்தார்கள்; சொல்ல மறந்து பிறரைப்போல ஆடியபோது எழுந்து போனார்கள். படம் எடுப்பவருக்கு இதில் பாடம் இருப்பதுபோல, டிக்கட் வாங்குகிறவருக்கும் இருக்கிறது. நல்ல படம் வந்த வாரத்தில் வீட்டில் இருந்துவிட்டு, நம் பாஷையில் நல்ல படமே வருவதில்லையென்று அடுத்த வாரம் அங்கலாய்ப்பதில் பயனில்லை.

புனாவில் பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960-இல் சர்க்கார் திரைப்படக் கலாசாலை ஒன்றை ஏற்படுத்தியது. தேசத்தின் பல பாஷைக்காரர்களும் அங்கே வந்து பயின்று தத்தம் ஊருக்குத் திரும்பியிருக்கிறார்கள். கம்பெனி போயிற்று, முத்திரையிலே கொம்பு ஊதிய அந்தப் பெண் ஊதுவதை மட்டும் நிறுத்தவில்லை. அடுத்த வீட்டில் வாத்தியங்கள் எவ்வளவு முழங்கினாலும், காது கொடுப்பவர்களுக்கு அது இன்றும் கேட்கிறது.